வட்டியை ஏற்றியது யாருக்காக?

2022 ஏப்ரல். டீசலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் இலங்கை மக்கள் வரிசையில் நின்ற நாட்கள். இலங்கை மத்திய வங்கியின் ஆளுநராகப் பொறுப்பேற்ற மறுநாளே, 8ஆம் தேதி, நந்தலால் வீரசிங்க வட்டி வீதங்கள் ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்வதாக அறிவித்தார். வங்கிகள் மத்திய வங்கியிடம் வாங்கும் கடனின் வட்டி 14.5 சதவீதமானது.

தொழில் படுத்துவிட்டால் வட்டியைக் குறைப்பதுதான் வழக்கம். 2020இல் இந்திய ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4 சதவீதத்துக்கு இறக்கியதும் அதற்காகத்தான். கொழும்பு ஏன் எதிர்த்திசையில் போனது?

ரூபாய் மீது போன நம்பிக்கை

2019 இறுதியில் அரசு வரிகளைப் பெருமளவு குறைத்தது. பிறகு கொரோனா வந்து சுற்றுலா வருமானமும் நின்றது. அரசின் பற்றாக்குறையை நிரப்ப, அதன் குறுகியகாலக் கடன் பத்திரங்களான திறைசேரி உண்டியல்களை மத்திய வங்கியே வாங்கி, புதுப் பணத்தைப் புழக்கத்தில் விட்டது. கூடவே டாலர் விலையை 200 ரூபாயை ஒட்டிப் பிடித்து வைத்தது. கையிருப்பு டாலர் கரைந்தது. 2022 மார்ச்சில் பிடி விட்டதும் சில வாரங்களில் டாலர் 300 ரூபாயைத் தாண்டியது.

ஆக, வட்டி உயர்வின் நோக்கம் ரூபாயைக் கையில் வைத்திருக்க மக்களுக்கு ஒரு காரணம் தருவது. செப்டம்பரில் 69.8 சதவீதத்தைத் தொட்ட கொழும்புப் பணவீக்கம், அடுத்த செப்டம்பரில் 1.3 சதவீதம். அந்த மருந்து தேவைதான். முன்பே ஏன் தரவில்லை என்பதே கேள்வி. வட்டியை முடிவுசெய்த மத்திய வங்கியின் அன்றைய நாணயச் சபையில் நிதியமைச்சின் செயலாளருக்கும் இருக்கை உண்டு. கடன் வாங்குபவரின் ஆளே வட்டியைத் தீர்மானிக்கும் மேசையில் இருந்தார். 2023ஆம் ஆண்டு மத்திய வங்கிச் சட்டம் அந்த இருக்கையை நீக்கியது.

சுமந்தவர் யார்?

2022இல் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. 2021இல் 13.1 சதவீதமாக இருந்த வறுமை, மறு ஆண்டில் 25 சதவீதமானதாக உலக வங்கி மதிப்பிட்டது. 2023இல் அரசின் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, வைப்பாளர்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி வங்கிகளுக்கு விலக்குத் தந்தார்கள். சுமை தொழிலாளரின் ஓய்வுக்காலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியத்தின் மேல் விழுந்தது. அந்த நிதியத்தை நிர்வகித்ததும் மத்திய வங்கியேதான்.

வங்கிகள் சரிந்திருந்தால் ஏழைகளின் வைப்புகளும் போயிருக்கும்; உண்மை. ஆனால் நாணயத்தைக் காத்தோம் என்று சொல்லும் மத்திய வங்கி, யாருடைய செலவில் காத்தோம் என்பதையும் நாடாளுமன்றத்தில் கணக்கோடு சொல்ல வேண்டும். சேமலாபத்தை நம்பி உழைப்பவர்களுக்கு அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு.