மாகாளிக் கிழங்கு: கார்வேட்டிநகரம் மலைக்காட்டிலிருந்து ஊறுகாய்ச் சாடிக்கு

கார்வேட்டிநகரம் என்ற பெயரைக் 'காடு வெட்டி நகரம்' என்று பிரித்துப் பொருள் சொல்வது அந்த வட்டார வழக்கம். காட்டை வெட்டித் திருத்திக் கட்டிய ஊர் என்பது கருத்து. ஒரு காலத்தில் ஜமீன்தார்களின் தலைநகராக இருந்த ஊர் அது. வேணுகோபால சுவாமி கோயிலும் பெரிய திருக்குளமும் இன்றும் உண்டு. கர்நாடக சங்கீதத்தில் பத வர்ணங்கள் இயற்றிய கார்வேட்டிநகரம் கோவிந்தசாமையாவின் பெயரிலும் இந்த ஊர் இருக்கிறது. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடப் புத்தூருக்குப் போன தமிழர்களுக்கு வழி தெரியும். அங்கிருந்து பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் வந்துவிடும்.

1911-ல் சித்தூர் மாவட்டம் பிறந்தபோது இப்பகுதி முழுவதும் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. 1953-ல் ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. 1960-ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. கார்வேட்டிநகரமும் புத்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. கோடு எங்கே விழுந்தால் என்ன, மலைக்கு அது தெரியாது. இந்தக் குன்றுகளிலும், திருமலை அடங்கிய சேஷாசல மலைத்தொடரிலும் பாறை இடுக்குகளில் படரும் ஒரு கொடியின் வேர், கோட்டுக்கு இந்தப் பக்கம் மாகாளிக் கிழங்கு என்றும், அந்தப் பக்கம் மாரேடு கொம்மு என்றும் விற்பனை ஆகிறது. பெங்களூர்ச் சந்தையில் கேட்பவர்கள் மாகாளி பேரு என்று கேட்க வேண்டும்.

மார்கழி, தை மாதங்களில் வெளியூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து வரும் பொட்டலங்களில் இக்கிழங்குக்கு ஓர் இடம் உண்டு. பிடித்தவர்கள் மோர் சாதத்துக்கு இதைவிட வேறொன்று வேண்டாம் என்பார்கள். பிடிக்காதவர்கள் மூட்டைப்பூச்சி நாற்றம் என்பார்கள். அறை எடுத்துத் தங்கியிருக்கும் குமாஸ்தா ஒருவர் மாகாளிச் சாடியைத் திறந்ததும், விஷயம் தெரியாத பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து மெத்தையைத் தட்டிப் பார்ப்பார் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இந்த மணத்தில் நடுநிலை வகிப்பவர் யாரும் கிடையாது.

மணம் எங்கிருந்து வருகிறது?

தாவர நூலார் இக்கொடிக்கு 1834-ல் டெகாலெபிஸ் ஹாமில்டோனியை என்று பெயரிட்டனர். தென்னிந்தியாவுக்கு வெளியே இது இயற்கையாக வளர்வதில்லை. பல ஆண்டு வாழும் கொடி. இலைகள் எதிரெதிராக இருக்கும். கிள்ளினால் பால் வடியும். காய்கள் இரண்டிரண்டாகக் கொம்பு போல் பிரிந்து நிற்கும். முற்றி வெடித்தால், எருக்கம் விதையைப் போலவே பட்டு இழை கட்டிய விதைகள் காற்றில் பறக்கும்.

வேர்தான் சரக்கு. மண்ணுக்கடியில் விரல் கனத்திலிருந்து மணிக்கட்டுக் கனம் வரை, ஒரே தலையிலிருந்து பல கிழங்குகள் கொத்தாக இறங்கும். அதிலுள்ள மணப்பொருளும், ஐஸ்கிரீமில் சேர்க்கும் வனிலாவின் மணப்பொருளும் ஒரே அளவான அணுக்களால் ஆனவை. அணுக்கள் அடுக்கப்பட்ட இடம் மட்டும் சற்றே வேறு. அந்தச் சிறு மாற்றத்தில் ஒன்று குழந்தைகளுக்குப் பிடித்த பண்டமாகிறது; மற்றது மெத்தையைத் தட்ட வைக்கிறது!

இம்மணம் பூச்சிகளுக்கு ஆகாது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், இவ்வேரிலிருந்து எடுத்த பொருள் சேமித்த தானியத்தை வண்டுகளிடமிருந்து காப்பதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். மாகாளி ஊறுகாய் மாதக் கணக்கில் கெடாமல் இருப்பதற்கு உப்பும் புளிப்பும் முதற்காரணம் என்றாலும், கிழங்கின் குணத்துக்கும் அதில் பங்கு இருக்கலாம்.

நன்னாரிக்கும் இதற்கும் மணம் ஒன்றே. ஆனால் செடி வேறு. சித்த, ஆயுர்வேத மருந்துகளில் சேரும் நன்னாரி மெல்லிய கொடி. வேரும் கம்பி போல் மெலிந்து கறுத்திருக்கும். மாகாளி தடித்தது. இதனால் மாகாளிக்குப் பெருநன்னாரி என்றும் பெயர் உண்டு. ராயலசீமாவில் கோடை வந்தால் தெருவுக்குத் தெரு விற்கும் நன்னாரி சர்பத்தில் பெரும்பாலும் ஊறுவது இந்தப் பெரிய வேர்தான். எலுமிச்சம்பழம் பிழிந்து, சப்ஜா விதை போட்டு, சோடா ஊற்றிக் கொடுப்பார்கள். வெயிலில் நடந்து வந்தவருக்கு அது அமிர்தம். மலிவான பாட்டில்களில் வேர் கிடையாது. சாயமும் எசென்சும் சர்க்கரையுந்தான். வாங்குபவர்கள் லேபிளைப் படிப்பது நல்லது. வேரில் காய்ச்சியதானாலும் சர்க்கரைப் பாகு சர்க்கரைப் பாகுதான். நீரிழிவுக்காரர்கள் 'மூலிகை' என்ற சொல்லில் ஏமாறக் கூடாது.

ஒரு கிழங்கு, ஒரு கொடி

ஊறுகாய்க்கு ஒரு கூட்டம், சர்பத்துக்கு ஒரு கூட்டம், மருந்துக் கடைக்கு ஒரு கூட்டம். மூவருக்கும் வேண்டியது வேர். இலையோ பூவோ பறித்தால் கொடி மறுபடி தழைக்கும். வேரைப் பறித்தால்?

மலையில் இதைத் தோண்டுபவர்கள் யானாதிகள் முதலிய ஏழை மக்கள். கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் சோலிகர்கள் தோண்டுகிறார்கள். பாறைச் சந்தில் கடப்பாறை போட்டு, சில சமயம் கல்லையே புரட்டி, பாதி நாள் உழைத்தால் ஒரு சுமை சேரும். மலையேறிச் சுமந்து வந்தவருக்குக் கிடைப்பது சொற்பம். கை மாற மாற விலை ஏறி, நகரத்தில் தராசுக்கு வரும்போது அது வேறு கணக்காகிவிடுகிறது. ஆந்திரத்தில் கிரிஜன் கூட்டுறவுக் கழகம் என்ற அரசு நிறுவனம் 1956 முதல் மலைமக்களின் சரக்குகளை வாங்கி விற்று வருகிறது. அதன் கடைகளில் நன்னாரி சர்பத்தும் உண்டு. இடைத்தரகர் அத்தனை பேரையும் அதனால் அகற்ற முடிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை.

இன்று தோண்டாவிட்டால் நாளை வேறொருவர் தோண்டிக் கொண்டு போவார் என்ற அச்சத்தில், கொத்தை முழுவதுமாக எடுத்துவிடுகிறார்கள். முற்றாத கிழங்கும் அதோடு போகிறது. கொடி காய்த்து விதை பறக்கும் வரை விட்டு வைப்பார் இல்லை. நல்ல கிழங்கு திரள இரண்டு, மூன்று ஆண்டுகள் வேண்டும். காட்டில் அதற்கு மேலும் ஆகும். எடுக்கும் வேகமும் வளரும் வேகமும் ஒத்துப் போகவில்லை. அழியும் ஆபத்திலுள்ள தாவரங்களின் உலகப் பட்டியலில் மாகாளியும் சேர்ந்துவிட்டது.

சேஷாசலக் காட்டில் ஒரு பகுதி 1989-ல் வேங்கடேஸ்வரா தேசியப் பூங்காவாக ஆக்கப்பட்டது. 2010-ல் மலைத்தொடரே உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதே காட்டில் விளையும் செம்மரத்தைக் கடத்தினால் போலீஸ், வழக்கு, பத்திரிகையில் படம் எல்லாம் உண்டு. கோணிப்பையில் போகும் கிழங்குக்கு அந்த மரியாதை இல்லை. செம்மரத்தை வெட்டுபவன் கள்ளன் என்று எல்லோருக்கும் தெரியும். மாகாளியின் வாடிக்கைக்காரரோ நம் வீட்டு ஊறுகாய்ச் சாடி. அதனால்தான் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை போலும்.

வாங்காதே என்று சொல்வது சுலபம். சொன்னால் மலையில் தோண்டுகிறவர் வீட்டில் அன்றைக்கு உலை வைக்க முடியாது. ஆகவே வாங்குபவர் முற்றிய தடித்த கிழங்காகப் பார்த்து, தேவைக்கு மட்டும் வாங்க வேண்டும். சுண்டுவிரல் கனத்துக் குஞ்சுக் கிழங்கை மலிவாகத் தந்தாலும் தொடக் கூடாது. அதில் தோலும் நாரும் போனால் மிஞ்சுவதும் ஒன்றுமில்லை.

ஊறுகாய் போட

ஒடித்துப் பார்த்தால் சட்டென்று ஒடிய வேண்டும், மணம் மூக்கில் ஏற வேண்டும். வளைந்து கொடுத்தால் வாடிய சரக்கு. மண் போக இரண்டு மூன்று தண்ணீரில் தேய்த்துக் கழுவி, ஓர் இரவு நீரில் ஊற வைத்தால் தோல் சீவ எளிதாக இருக்கும். அரிசி கழுவிய நீரில் ஊற வைப்பவர்களும் உண்டு. தோலைச் சீவி, நெடுக்காகப் பிளந்து, நடுவிலுள்ள கட்டை போன்ற நாரை எடுத்துவிட வேண்டும். இதில் சோம்பல்பட்டால் பிறகு பல்லில் தெரியும். சதையைச் சிறு துண்டுகளாக நறுக்கியதும் உடனே உப்பும் எலுமிச்சைச் சாறும் கலந்த நீரில் போட வேண்டும். இல்லாவிட்டால் கறுத்துப் போகும்.

நறுக்கிய துண்டு ஒரு கிலோவுக்கு உப்பு சுமார் 150 கிராம், மிளகாய்த் தூள் 75 கிராம், கடுகுப் பொடி 50 கிராம், மஞ்சள் தூள் இரண்டு தேக்கரண்டி, எலுமிச்சம்பழம் பதினைந்து என்பது ஒரு கணக்கு. நாலைந்து நாள் தினமும் குலுக்கி வைத்தால் ஊறிவிடும். தயிர் மாகாளி விரும்புபவர்கள், இப்படி ஊறியதில் வேண்டிய அளவு எடுத்து, கெட்டியான புளித்த தயிரில் கலந்து வைத்துக் கொள்வார்கள். ருசி இதில்தான் அதிகம். ஆனால் அதிக நாள் தாங்காது. குளிர்பெட்டி இல்லாத அறையில் எலுமிச்சைச் சாற்று மாகாளியே நம்பகமானது. கரண்டியில் ஈரம் இருக்கக் கூடாது என்பதை வீட்டுப் பெரியவர்கள் ஆயிரம் முறை சொல்லியிருப்பார்கள்.

சீவிய தோலை எறிய வேண்டாம். நிழலில் உலர்த்தி ஒரு துணியில் முடிந்து குடிநீர்ப் பானையில் போட்டால் தண்ணீர் மணக்கும்.

வீட்டில் வளர்க்க

வயலில் பயிராக்குவது முடியாத காரியமல்ல. பொறுமை கேட்கும் காரியம். விதை புதிதாக இருக்க வேண்டும், பழசானால் முளைப்பது அரிது. தண்டை வெட்டி நட்டால் வேர்விடுவதும் எளிதில் நடப்பதில்லை. நாற்றங்காலில் வேர்விடும் மருந்தில் தோய்த்து நட வேண்டும். மைசூர் ஆராய்ச்சி நிலையத்தில் திசு வளர்ப்பு முறையிலும் கன்று உண்டாக்கிக் காட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வேண்டியவர்கள் மூலிகை நாற்றங்காலில் கன்று கேட்டு வாங்குவதே வழி. காட்டிலிருந்து பிடுங்கி வந்த கன்று என்று தெரிந்தால் வாங்காமல் இருப்பதுதான் முறை.

தண்ணீர் தேங்கும் மண் ஆகாது. மலைச்சரிவில் பிறந்த கொடி என்பதை நினைவில் வைத்துச் செம்மண்ணோடு சரளையும் மணலும் கலந்து, மட்கிய எருவும் சேர்த்து ஒன்றரை அடி ஆழக் குழியில் நடலாம். ஆடி மழைக்கு முன் நட்டால் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். படர வேலியோ பந்தலோ வேண்டும். நிலமில்லாதவர்கள் பழைய டிரம்மில் அல்லது கெட்டியான சாக்கில் வளர்க்கலாம். அடியில் ஓட்டைகள் தாராளமாக இருக்கட்டும். சாக்கில் ஒரு வசதி உண்டு: கிழங்கெடுக்கக் கடப்பாறை வேண்டாம், பக்கத்தைக் கிழித்தால் போதும்.

ஒண்டுக் குடித்தனத்தில் அதற்கும் இடமில்லை என்பவர்களுக்குச் சிறு நன்னாரி இருக்கிறது. அது சன்னல் ஓரத் தொட்டியிலும் வரும். வேர்த் துண்டிலிருந்தே தழைக்கும். ஊறுகாய்க்கு உதவாது. சர்பத்துக்கும் பானைத் தண்ணீருக்கும் போதும்.

மாகாளியை மூன்றாம் ஆண்டு வரை தொடாமல் விட்டு, பிறகும் கொத்தை முழுவதும் எடுக்காமல் ஒரு பக்கமாக மண்ணை அகற்றி, முற்றிய கிழங்குகளை மட்டும் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். நடுத்தலையும் இரண்டு மூன்று கிழங்குகளும் மண்ணிலேயே இருக்கட்டும். அறுத்த இடத்தில் சாம்பல் தூவி, எருக் கலந்த மண்ணால் மூடிவிட்டு, நாலைந்து நாள் கழித்துத் தண்ணீர் விட்டால் போதும். அடுத்த மழைக்குக் கொடி புதுத் துளிர் விடும்.