மின் பொறியியல் சிறப்புப் பிரிவுத் தேர்வு

மின் பொறியியல் சிறப்புப் பிரிவுத் தேர்வு என்பது, மின் பொறியியலில் இளநிலைப் பட்டம் பயிலும் மாணவர், அடிப்படைப் பாடங்களைக் கற்றபின் அத்துறையின் ஓரிரு உட்பிரிவுகளை ஆழமாகப் பயிலத் தெரிவு செய்வதைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவின் நான்காண்டுப் படிப்புகள் பலவற்றில் இத்தேர்வு இரண்டாம் ஆண்டின் இறுதியிலோ மூன்றாம் ஆண்டிலோ நிகழ்கின்றது. இந்தியாவில் மின்னியல்-மின்னணுவியல், மின்னணுவியல்-தொடர்பியல் ஆகியவை பெரும்பாலும் தனித்தனிப் பட்டங்களாக உள்ளமையால், தேர்வின் ஒரு பகுதி கல்லூரிச் சேர்க்கையின்போதே முடிந்துவிடுகின்றது.

முதன்மைப் பிரிவுகள்

மின்சுற்றுக் கோட்பாடு, மின்னணுவியல், மின்காந்தவியல், குறிப்பலைகள் ஆகியவை எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவானவை. அதன்பின் ஒவ்வொரு பிரிவும் வெவ்வேறு கணித, இயற்பியல் அறிவை வேண்டுகின்றது.

* மின்திறன்: மின்னாக்கிகள், மின்மாற்றிகள், மின் செலுத்தல். சிக்கலெண்கள் இன்றியமையாதவை.
* கட்டுப்பாட்டியல்: பின்னூட்டத்தால் இயங்கும் அமைப்புகள். வகையீட்டுச் சமன்பாடுகளும் நேரியல் இயற்கணிதமும் அடிப்படை.
* தொடர்பியலும் குறிப்பலைச் செயலாக்கமும்: ஃபூரியே மாற்றமும் நிகழ்தகவும் தேவை.
* நுண்ணலைப் பொறியியல்: ஆன்டெனா, ரேடார் போன்றவை. மாக்சுவெல் சமன்பாடுகளும் திசையன் நுண்கணிதமும் தேவை.
* குறைகடத்திக் கருவிகள்: திரிதடையம், ஒளியுமிழ் இருமுனையம் போன்றவை. குவாண்டம் இயற்பியல் அறிமுகம் உதவும்.
* கணினிப் பொறியியல்: எண்முறைத் தருக்கம், நுண்செயலி வடிவமைப்பு.

தேர்வு முறை

உயர்நிலைப் பாடங்கள் பலவற்றுக்கு முன்தேவைப் பாடங்கள் உண்டு. அவற்றுள் சில ஆண்டுக்கு ஒரு முறையே நடத்தப்படும். ஒன்றைத் தவறவிடும் மாணவர், இறுதியாண்டில் விரும்பிய பாடத்தை எடுக்க இயலாமல் போகலாம். எனவே, விரும்பும் இறுதியாண்டுப் பாடத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடுவது பயன்தரும். பிரிவின் பெயரைக் காட்டிலும், அதன் அடிப்படைக் கணிதத்தில் மாணவருக்குள்ள ஈடுபாடே நம்பகமான வழிகாட்டி ஆகும்.

பிரிவுகளின் எல்லை

இப்பிரிவுகளின் எல்லைகள் நிலையானவை அல்ல. 1884 இல் நிறுவப்பட்ட அமெரிக்க மின் பொறியாளர் கழகமும், 1912 இல் தோன்றிய வானொலிப் பொறியாளர் கழகமும் 1963 இல் ஒன்றிணைந்தே இன்றைய ஐ.இ.இ.இ. உருவானது. சூரிய மின் நிலையத்தின் இன்வெர்ட்டர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நேர்மின்னோட்டத்தை மாறுமின்னோட்டமாக மாற்றும் அக்கருவியில், மின்னோட்டத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை இணைத்துத் துண்டிப்பது குறைகடத்தி. அதை மின்வலையின் அலைவெண்ணோடு ஒத்திசைப்பது கட்டுப்பாட்டியல். வெளியீட்டைப் பயன்படுத்துவது மின்திறன். இதனால் ஒன்றுக்கொன்று துணையான இரு பிரிவுகளைத் தெரிவு செய்வதும், பொது அடிப்படைப் பாடங்களை உறுதியாகக் கற்பதும், பின்னர் துறை மாற நேரினும் பயனளிக்கும்.