மேம்பாலம் ஏறாத ஹெரால்டு

பழைய வண்டி, பழகிய ஊர் – 9

சென்னை தட்டையான ஊர். மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்கும் அங்கிருந்து அடையாறுக்கும் நாள் முழுக்கச் சுற்றினாலும், வண்டிக்கு ஏற்றம் என்று ஒன்று வருவது பாலங்களில்தான். அதனால் இந்த ஊரில் ஒரு பழைய காரின் எஞ்சின் பலம் குறைந்துவருவது வெகுநாள் வெளியே தெரியாது. லஸ் முனைக்கும் பாண்டி பஜாருக்கும் வண்டி பாட்டுக்குப் போய்வந்துகொண்டிருக்கும். ஒரு நாள் அண்ணா மேம்பாலத்தில், ஜெமினி என்று நாம் சொல்லும் 1973ஆம் ஆண்டுப் பாலத்தில், பாதி ஏறியதும் குட்டு வெளிப்படும். ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்தச் சத்தம் கூடும், வேகம் கூடாது. பின்னால் வரும் பேருந்து ஹாரன் அடிக்கும்.

"இழுவை இல்லை", "பிக்கப் போயிடுச்சு", "மிஸ் அடிக்குது". பட்டறைகளில் தினமும் காதில் விழும் புகார்கள் இவை. இந்த வாரம் அவற்றைத்தான் எடுத்துக்கொள்கிறேன். உதாரணத்துக்கு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அம்பாசடரோ பத்மினியோ வைத்திருப்பவர்களும் தாராளமாகப் பின்தொடரலாம், அடிப்படை ஒன்றுதான். ஹெரால்டைத் தேர்ந்தெடுக்கக் காரணம், அது நம் ஊர் வண்டி. இத்தாலியரான மிக்கலாட்டி வரைந்த டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தயாரித்தது. எழுபதுகளில் அதே எஞ்சினோடு கஜல் வந்தது. 948 சி.சி., நான்கு சிலிண்டர். பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, முகப்பு எல்லாம் சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். மெக்கானிக் முன் டயரிலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். நோய் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட வசதியான வண்டியை நான் பார்த்ததில்லை.

பெட்ரோல் எஞ்சின் இழுக்க மூன்று வேண்டும்: சரியான அளவில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, அதை நெருக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஷன், சரியான கணத்தில் ஒரு தீப்பொறி. இழுவை போனால் முதல் கேள்வி இந்த மூன்றில் எது இல்லை என்பதுதான். எதை மாற்றலாம் என்ற கேள்வி அதற்குப் பிறகு. நம் ஊரில் பல பழைய வண்டிகள் பழுதால் சாகவில்லை, இந்த வரிசை தலைகீழானதால்தான் செத்தன என்பேன். பிளக்கை மாற்றுவார்கள், கார்புரேட்டரைக் கழற்றுவார்கள், காயிலை மாற்றுவார்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில். பிறகு வண்டி சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. மோசமானாலும் எதனால் என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடுங்கள். தொட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

அதற்கும் முன்னால், பழுது எஞ்சினில்தானா என்று பார்த்துவிடுங்கள். சமதரையில் கியரை நியூட்ரலில் போட்டு வண்டியைக் கையால் தள்ளுங்கள். நகர மறுத்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாமல் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டுக்கும் இரண்டு நிமிடம் போதும்.

இனி தீப்பொறி. எஞ்சின் ஓடும்போது பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது பழைய முறை. ரப்பர் பிடியுள்ள குறடு கட்டாயம். வெறுங்கை வைத்தால் உதறித் தள்ளிவிடும். ஒயரைக் கழற்றியதும் எஞ்சின் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது என்று பொருள். கழற்றியும் சத்தத்தில் மாற்றமே இல்லையென்றால் அதுதான் செத்த சிலிண்டர். நான்கில் ஒன்று போனால் கால்பங்கு பலம்தானே போகும் என்று எண்ணக் கூடாது. அறுபத்துமூவர் விழாவில் பல்லக்கு சுமப்பவர்களில் ஒருவர் தோளை விலக்கிக்கொண்டு, பிறகு பல்லக்கின் மேலேயே ஏறி உட்கார்ந்தால் எப்படியிருக்கும்? செத்த சிலிண்டரின் பிஸ்டனையும் மற்ற மூன்றும் சேர்ந்துதான் தள்ள வேண்டும்.

ஆனால் நான்கும் வேலை செய்தும் இழுவை இல்லாத வண்டிகளே அதிகம். அங்கேதான் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறக்க வேண்டும். 1910 வாக்கில் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் கேடிலாக் கார்களுக்காக உருவாக்கிய முறைதான் ஹெரால்டிலும் இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் தொடுமுனையான பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் காயிலின் தடித்த சுற்றில் ஓடிக் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. பாயிண்ட் விலகும் கணத்தில் மின்சாரம் அறுந்து காந்தப்புலம் சரிகிறது. அந்தச் சரிவில், மெல்லிய கம்பியின் ஆயிரக்கணக்கான சுற்றுகளில் பத்தாயிரம் வோல்ட்டையும் தாண்டிய அழுத்தம் பிறந்து பிளக்கின் இடைவெளியைப் பாய்ந்து கடக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் இது நொடிக்கு நூறு தடவை நடக்கிறது.

அத்தனை தடவையும் பாயிண்டை விலக்கிவிடுவது ஒரு சிறு ஃபைபர் குதி. அது கேமில் உரசி உரசித் தேய்கிறது. தேயத் தேயப் பாயிண்டின் இடைவெளி குறைகிறது, அது விலகுவது தாமதமாகிறது, தீப்பொறியும் தாமதமாகிறது. பல மாதங்களில் துளித்துளியாக நடப்பதால் ஓட்டுபவருக்கு உறைப்பதில்லை. கால் தன்னையறியாமல் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தப் பழகிவிடுகிறது. ஹெரால்டுக்குப் பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் இடைவெளி 0.025 அங்குலம். ஃபில்லர் கேஜ் ஒன்று வீட்டில் இருக்கட்டும். பாயிண்டைச் சரிசெய்த பிறகே டைமிங் வைக்க வேண்டும். டைமிங் வைத்துவிட்டுப் பாயிண்டைத் தொட்டால் டைமிங் மறுபடி நகர்ந்துவிடும்.

மூடியைத் திறந்த கையோடு இன்னும் இரண்டு சோதனைகள். ரோட்டாரை விரலால் அது சுழலும் திசையில் கொஞ்சம் திருகி விடுங்கள். ஸ்பிரிங் இழுத்துத் தானே திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அடியிலுள்ள எடைகள் காய்ந்த கிரீஸில் ஒட்டிக்கிடக்கின்றன. வேகம் கூடும்போது தீப்பொறியை முன்தள்ளுவது அந்த எடைகளின் வேலை. அவை ஒட்டிக்கொண்டால் வண்டி அழகாக ஸ்டார்ட் ஆகும், ஐடிலிங் நன்றாக இருக்கும், வேகத்தில் மட்டும் இழுக்காது, சூடும் ஏறும். அடுத்து, கார்புரேட்டரிலிருந்து வரும் வாக்யூம் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். பாயிண்ட் இருக்கும் தட்டு நகர வேண்டும். நகராமல் காற்று சும்மா வந்துகொண்டிருந்தால் உள்ளேயுள்ள டயஃப்ரம் ஓட்டையாகிவிட்டது. இந்தச் சோதனைக்குக் கருவியே வேண்டாம், காசும் வேண்டாம். கார்புரேட்டர் மீது பழிபோட்டுப் பட்டறைக்கு வரும் வண்டிகளில் எத்தனையோ இதில் சிக்கிவிடும்.

பாயிண்டின் முனைகள் கருகி, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தால் கண்டென்ஸரைச் சந்தேகியுங்கள். கண்டென்ஸர் போன எஞ்சினில் பாயிண்ட் விலகும்போதெல்லாம் அங்கேயே பொறி பறக்கும். பிளக்கில் நீலமாகச் சொடுக்க வேண்டிய பொறி மஞ்சளாக, சோகையாக வரும். புதிதாக வாங்கிய கண்டென்ஸரும் சரியாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ்-டி.வி.எஸ். சரக்கும் பெங்களூரு மைக்கோ பிளக்கும் தாராளமாகக் கிடைத்த காலம் வேறு. இப்போது பெயரில்லாத பெட்டிகளில் வருபவற்றில் பிறக்கும்போதே செத்தவை இருக்கின்றன. வேலை செய்யும் பழைய கண்டென்ஸரைக் கழற்றினால் எறியாமல் டிக்கியில் வையுங்கள்.

காயில் வாங்கும் இடத்தில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் இந்த உரையாடலை யாரும் கேட்டிருக்கலாம்.

"அண்ணே, ஹெரால்டுக்குக் காயில் இருக்கா?"

"எல்லாம் ஒண்ணுதான் தம்பி. பன்னெண்டு வோல்ட்டு. போட்டா ஓடும்."

ஓடும்தான். ஆனால் எல்லாம் ஒன்றல்ல. ஹெரால்டு போன்ற பழைய வண்டிகளின் காயிலில் தடித்த சுற்றின் மின்தடை ஏறக்குறைய 3 ஓம். வெளியே தனியாக ஒரு பேலஸ்ட் ரெசிஸ்டர் வைத்து ஓடும் வண்டிகளின் காயில் சுமார் 1.5 ஓம்தான். ரெசிஸ்டர் இல்லாத வண்டியில் அதை மாட்டினால், 4 ஆம்பியர் போக வேண்டிய பாயிண்டில் 8 ஆம்பியர் போகும். முதல் வாரம் வண்டி சீறிக்கொண்டு கிளம்பும், கடைக்காரருக்கு நல்ல பெயர் கிடைக்கும். பிறகு பாயிண்ட் கருகும், காயில் கொதிக்கும். கடைக்குப் போகும்போது மல்ட்டிமீட்டரைக் கொண்டுபோங்கள். காயிலின் இரண்டு சிறிய முனைகளுக்கும் நடுவே அளந்து பார்த்து வாங்குங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கடற்கரை ஊர் என்பதால் நமக்கென்றே சில பழுதுகள் உண்டு. பெசன்ட் நகரிலும் சாந்தோமிலும் வெளியே நிறுத்தும் வண்டிகளின் ஒயர் முனைகளில் பச்சை பூத்துவிடும். பேட்டரியின் எர்த் பட்டையும் எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவேயுள்ள பட்டையும் அரித்திருந்தால் காயிலுக்கு முழு 12 வோல்ட் கிடைக்காது; செல்ஃப் அடிக்கும்போது இன்னும் குறையும். சுரண்டிச் சுத்தம்செய்து இறுக்கினாலே பாதி ஸ்டார்ட்டிங் பிரச்சினை தீரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோக்கும். துடைத்துக் காயவைத்தும் மிஸ் அடித்தால் மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள்: பென்சிலால் கிறுக்கியதுபோல் ஒரு கரிய கோடு தெரிந்தால் மின்சாரம் அந்த வழியே கசிகிறது, மூடியை மாற்றத்தான் வேண்டும். ஒயர்களுக்கு இருட்டுதான் சோதனைக்கூடம். இரவில் விளக்கில்லாத இடத்தில் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால், கசியும் ஒயரின் மேல் நீலப்பொறி ஊர்வது கண்ணுக்கே தெரியும்.

கோடையில் வருவது வேறொரு தொல்லை. அக்னி நட்சத்திரத்தில் உஸ்மான் சாலையில் அரைமணி நேரம் ஊர்ந்தபின் வண்டி ஆஃப் ஆகிவிடும். எவ்வளவு அடித்தாலும் கிளம்பாது. நிழலில் தள்ளி நிறுத்திக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பும். இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம், இரண்டும் ஆறினால் சரியாகிவிடும், அதனால்தான் இத்தனை குழப்பம். ஒன்று, சூட்டில் பெட்ரோல், அதை ஏற்றும் பம்பிலேயே ஆவியாகிக் குழாயை அடைப்பது. மற்றது, சூடேறிய காயிலின் உள்சுற்று அறுந்துபோவது. ஆறும்வரை காத்திருந்தால் உண்மை மறைந்துவிடும். நின்ற அந்தக் கணத்திலேயே பார்க்க வேண்டும். ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாயைப் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் கம்பியை இழுங்கள். உள்ளே பெட்ரோல் பீச்சினால் பெட்ரோல் இருக்கிறது, காயிலைக் கவனியுங்கள். பீச்சவில்லையென்றால் பம்பின் மேல் ஈரத்துணி போடுங்கள். அம்பாசடர் டாக்சி ஓட்டியவர்கள் டிக்கியில் துணியும் தண்ணீரும் வைத்திருந்தது இதற்குத்தான். இன்னொன்று: எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை மட்டும் ஆனில் வைத்துப் பாட்டுக் கேட்காதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் சும்மா வெந்துகொண்டிருக்கும்.

இப்போது பெட்ரோலே மாறிவிட்டது. 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் அறிமுகமான 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025க்குள் நாடெங்கும் வந்துவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே கலப்பில் 6, 7 விழுக்காடு சக்தி குறையும். எத்தனால் தன்னோடு ஆக்சிஜனையும் கொண்டுவருவதால், பழைய பெட்ரோலுக்கென்று துளையிட்ட ஜெட்டில் கலவை மெலிகிறது. பிளக்கைக் கழற்றினால் பழுப்புக்குப் பதில் வெளிறித் தெரியும். பம்பின் டயஃப்ரமும் பழைய ரப்பர் குழாயும் ஊறி நைந்துபோகின்றன. டேங்க்கின் பழைய கசடு கரைந்து ஃபில்டரை அடைக்கிறது. ரப்பர் சாமான்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவதில் கஞ்சத்தனம் வேண்டாம், கசிந்தால் தீ. மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கலாம். ஆனால் பாயிண்ட், டைமிங், கம்ப்ரெஷன் மூன்றும் சரி என்று உறுதியான பிறகுதான் ஜெட்டைத் தொட வேண்டும்.

கம்ப்ரெஷனைக் கடைசியில் வைத்தேன், செலவு பெரிது என்பதால். நான்கு பிளக்கையும் கழற்றி, காயிலின் இணைப்பையும் எடுத்துவிட்டு, எஞ்சின் சூடாக இருக்கும்போது கேஜை வைத்து, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தியபடி செல்ஃப் அடியுங்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் வெகுவாக இறங்கியிருந்தால் அதில் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் ஹெட் கேஸ்கெட் அவற்றின் நடுவே ஊதிக்கொண்டது.

வால்வு விஷயத்தில் பழைய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. ஹெரால்டு பிறந்த காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது. அது எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அதன் சீட்டுக்கும் நடுவே மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. நம் உடல்நலத்துக்கு நஞ்சு என்பதால் 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க அதை நிறுத்தினார்கள், நிறுத்தியது சரி. ஆனால் மென்மையான வார்ப்பிரும்புச் சீட்டில் வால்வு மெல்ல மெல்ல உள்ளே புதைகிறது. டாப்பெட் இடைவெளி சுருங்குகிறது. ஒரு கட்டத்தில் வால்வு முழுக்க மூடாமல் கருகுகிறது. டாப்பெட் சத்தம் போடும் வண்டியைவிட, சத்தமே இல்லாமல் இறுகிவிட்ட வண்டிதான் ஆபத்தில் இருக்கிறது. அட்ஜஸ்ட் செய்தும் சில மாதத்தில் மறுபடி இறுகினால் ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் கடினமான சீட் பதிக்க வேண்டும். கம்ப்ரெஷன் கேஜ் காட்டிய நான்கு எண்களையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். ஹெட்டோடு அதையும் பட்டறைக்குக் கொண்டுபோனால், எந்த வால்விலிருந்து பார்க்க ஆரம்பிப்பது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

(தொடரும்)