லட்சுமி வயிற்றில் ஒரு தொழிற்சாலை



எங்கள் வீட்டுப் பசு லட்சுமி கோடையில் பெரும்பாலும் வைக்கோல்தான் தின்கிறாள். நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு நாலு பங்கு போலத்தான் இருக்கும். அதில் நிறைய இருப்பது செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள். அப்போ பாலில் உள்ள புரதம் எங்கிருந்து வருது?

அரிசியில் உள்ள மாவுச்சத்தும் செல்லுலோஸும் குளுக்கோஸைக் கோர்த்த மாலைகள்தான். கோர்த்த விதம்தான் வேறு. செல்லுலோஸ் முடிச்சை அவிழ்க்கும் நொதி நமக்கும் கிடையாது, மாட்டுக்கும் கிடையாது! அது சில பாக்டீரியாக்களிடம் இருக்கிறது.

மாட்டின் இரைப்பையில் 4 அறைகள். முதல் அறைதான் பெரியது. அங்கே காற்று இல்லை, சூடு சுமார் 39 டிகிரி. அதிலுள்ள திரவத்தில் ஒரு மில்லி எடுத்தால் சுமார் 1000 கோடி பாக்டீரியா! அவை நாரை உடைத்துத் தின்று, மாட்டின் எச்சிலோடு வரும் யூரியாவிலிருந்து நைட்ரஜனையும் எடுத்துப் பெருகுகின்றன. காய்ந்த எடையில் அவற்றின் உடம்பு ஏறக்குறைய பாதி புரதம். நாலாவது அறைக்குப் போனதும் அமிலத்தில் செத்து, மாட்டுக்கே உணவாகிவிடும். லட்சுமி பாக்டீரியாவை வளர்த்துச் சாப்பிடுகிறாள் என்று ஆயாவிடம் சொன்னேன். "என் மாடு சைவம்டி" என்று திட்டினாங்க.

இதையே தொட்டியில் செய்து பார்த்தவர்களும் உண்டு. 1970-ஐ ஒட்டி அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் காலிஹன், டன்லப் என்ற இருவர் கரும்புச் சக்கையில் செல்லுலோமோனாஸ் என்ற பாக்டீரியாவை வளர்த்துப் புரதம் எடுத்தார்கள். அதற்கு முதலில் சக்கையைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து இளக்கணும், பிறகு தொட்டிக்குள் காற்று செலுத்தணும். லட்சுமிக்கு அசை போட்டாலே போதும்.

ஆனால் பிறந்த கன்றுக்கு இந்தத் தொழிற்சாலை கிடையாது. முதல் அறை சின்னதாக இருக்கும். குடிக்கும் பால் நேராக நாலாவது அறைக்குப் போய்விடும். கொஞ்சம் கொஞ்சமாகப் புல் கடிக்கக் கடிக்கத்தான் முதல் அறை வளரும். இது போன வருஷம் எங்களுக்குத் தெரியாது. மூன்று வாரக் கன்றுக்கு வைக்கோலைப் போட்டுவிட்டு, பாலையெல்லாம் கறந்து விற்றோம். வைக்கோல் வயிற்றில் கிடந்தது, கன்று மெலிந்துகொண்டே போய்ச் செத்துப்போச்சு. ஏதோ நோவு என்று நினைத்தோம்.

இந்த மாசியில் லட்சுமி மறுபடி ஈன்றாள். இரண்டு காம்பைக் கன்றுக்கே விட்டுவிடணும் என்று அப்பாவிடம் அடம்பிடித்தேன். சொசைட்டிக்கு ஊற்றும் பால் குறைந்ததில் அவருக்கு வருத்தம்தான். கன்று இப்போது புல் கடிக்கப் பழகிவிட்டது. என் தாவணியையும் விட்டுவைப்பதில்லை.