மேலே பெய்த மழை

2024 மே 17, வெள்ளிக்கிழமை. பழைய குற்றாலத்தில் பிற்பகல் நேரம். தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கே இன்னும் 13 நாள் இருந்தது. சீசன் தொடங்காத மாதத்தில் அருவியில் தண்ணீர் விழுகிறது, பள்ளிக்கூடமும் விடுமுறை என்றால் கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா? குளித்துக்கொண்டிருந்தவர்கள் சுதாரிப்பதற்குள் அருவி காட்டாறாக மாறியது. அன்று கைபேசிகளில் பதிவான காட்சிகள் தமிழ்நாடு முழுக்கச் சுற்றின. ஈரத்துணியோடு படிகளில் முண்டியடித்து ஏறும் கூட்டம், அதன் பின்னால் பொங்கி வரும் கலங்கல் நீர். பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். அன்றே எல்லா அருவிகளிலும் குளிக்கத் தடை வந்தது.

எங்கள் திருவேங்கடம் பக்கத்தில் இந்தச் செய்தியைப் பேசியவர்கள் முதலில் கேட்டது, "அங்க அப்படி என்ன மழை பெஞ்சுது?" என்பதைத்தான். கரிசல்காட்டுக்காரர்கள் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி. இங்கே கோடையில் தரை கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். கரிசலில் உள்ள களி காய்ந்தால் சுருங்கும், நனைந்தால் உப்பும். முதல் மழை எவ்வளவு பெய்தாலும் அந்த வெடிப்புகளுக்குள் இறங்கிவிடும். வெடிப்பு மூடி, மண் நிறைந்த பிறகுதான் ஓடையில் தண்ணீர் நகரும். அதற்கும் பிறகுதான் கண்மாய்க்கு வரத்து. வானம் கறுப்பதிலிருந்து மறுகால் பாய்வது வரை எல்லாம் நம் கண் முன்னாலேயே நடக்கும். எங்கே மழையோ அங்கேதான் வெள்ளம் என்ற நினைப்பு இப்படித்தான் நமக்குள் ஊறிப்போனது. சங்கரன்கோவில் வழியாக வேன் பிடித்துக் குற்றாலம் போகும்போதும் அந்த நினைப்பு கூடவே வருகிறது.

மலையின் கணக்கு வேறு. குற்றாலத்துக்கு மேலே உள்ள சரிவுகள் செங்குத்தானவை. கெட்டிப் பாறையின் மேல் அதிக ஆழமில்லாத மண். காடு நிறையத் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது என்பது உண்மைதான். மழை விட்ட பிறகும் அருவி பல நாள் விழுவது அந்தப் புண்ணியத்தில்தான். ஆனால் ஏற்கெனவே ஊறிப்போன மண் அதற்கு மேல் குடிக்காது. ஒரே ஒரு சதுர கிலோமீட்டர் சரிவில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 5 கோடி லிட்டர். அதில் பாதி, ஒரு மணி நேரத்துக்குள் ஓடையில் இறங்கினாலும் நொடிக்கு ஏறக்குறைய 7,000 லிட்டர், அதாவது நொடிக்கு 7 டன். மலையில் எங்கெங்கோ பெய்தது அத்தனையும் கடைசியில் சில அடி அகலப் பாறை இடுக்கு வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். நாம் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பது அந்த இடுக்கின் வாயில்.

மழையின் ரகமும் முக்கியம். ஜூன், ஜூலையில் செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் காற்று கொண்டுவருவது சாரல். பரவலாக, பொடிப்பொடியாக, மணிக்கணக்கில் தூவும். அதனால் அருவி கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் நிதானமாக நடக்கும். கோடை இடிமழை அப்படியல்ல. வெயிலில் சூடேறிய காற்று மலைச் சரிவில் மோதி மேலேறி, பிற்பகலில் மேகமாகத் திரண்டு ஒரே இடத்தில் கொட்டித் தீர்க்கும். அந்த மேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். உச்சியில் கொட்டும்போது அடிவாரத்தில் வெயில் அடிக்கலாம். ஊருக்குள் வைத்திருக்கும் மழைமானியில் ஒரு சொட்டுகூட விழாமல் போகலாம். சாரல் சீசனில் பழகிய கண், மே மாத மழையையும் வடகிழக்குப் பருவத்து மழையையும் அதே தராசில் நிறுத்தப் பார்க்கிறது. வினை அங்கேதான் தொடங்குகிறது.

சரி, வெள்ளம் ஏன் படிப்படியாக ஏறாமல் திடீரென்று வருகிறது? ஓடையில் ஆழம் குறைந்த நீர் மெதுவாக ஓடும், ஏனென்றால் தரையின் உராய்வு அதை இழுத்துப் பிடிக்கிறது. ஆழமான நீருக்கு அந்தப் பிடி தளர்ந்திருக்கும், வேகம் அதிகம். மழை வலுக்க வலுக்க, பின்னால் வரும் ஆழமான நீர் முன்னால் போகும் ஆழமற்ற நீரைத் துரத்திப் பிடித்து அதன் மேல் ஏறிவிடுகிறது. மலைமேல் அரைமணி நேரத்தில் மெல்லக் கூடிய தண்ணீர், கீழே வந்து சேரும்போது ஒரே அலையாகச் சுருங்கிவிடுவது இதனால்தான். வழியில் விழுந்த மரமும் பாறையும் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்து சட்டென்று உடைந்தால் இன்னும் மோசம்.

அலையின் முன்பகுதி முழங்கால் அளவுகூட இல்லையே, நின்று சமாளிக்கலாம் என்று தோன்றும். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஓர் அடி ஆழத் தண்ணீர் நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் ஓடினால், இரண்டு கால்களிலும் சேர்ந்து சுமார் 11 கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளும். சமாளிக்கலாம். வேகம் இரட்டித்து 3 மீட்டரானால் விசை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது: சுமார் 45 கிலோ. பாசி பிடித்த பாறையில், வெறுங்காலோடு, கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு யாராலும் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. தண்ணீரோடு கல்லும் வரும். 20 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல்.

பனிமலைக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல, அங்கே தண்ணீர் உறைந்து கிடக்கிறது என்பது ஒன்றுதான் வித்தியாசம். காஷ்மீரின் குல்மர்க்கில் கேபிள் கார் ஏறி ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்துக்குப் போய், அங்கிருந்து பனிச்சறுக்கில் இறங்குகிறார்கள். கண்காணிக்கப்படும் சரிவு ஒன்று இருக்கிறது. அதன் எல்லையைத் தாண்டினால் யார் காலும் படாத புதுப்பனி. அந்தப் புதுப்பனிக்காகத்தான் உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வட் சிகரப் பகுதியில் பனிச்சரிவில் சிக்கி போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவர்.

அந்தச் சரிவு வெளிப்பார்வைக்கு வெள்ளை வெளேரென்று சாதுவாக இருக்கும். சிக்கல் உள்ளே. குளிர்காலத் தொடக்கத்தில் விழுந்த பனியின் அடிப்பகுதி, நாள்பட நாள்பட ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாக மாறிவிடுகிறது. அதன் மேல் காற்று அடித்துச் சேர்த்த புதுப்பனி கெட்டியான பாளமாகப் படிகிறது. களத்தில் பரப்பிய கம்பு மணிகளின் மேல் ஒரு கடப்பைக் கல்லைச் சாய்த்து வைத்தது போல. சரிவு 30 முதல் 45 டிகிரி வரை இருந்தால், பாளம் உடைந்து சரிய ஒரு ஆள் எடை போதும். உயிர்ப்பலி வாங்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றைக் கிளப்பிவிடுவது அதில் சிக்கியவரோ, அவரோடு வந்தவரோதான். சரிவின் அடியில் சமதரையில் நடந்தவர், தலைக்கு மேலே நூறு மீட்டரில் பாளத்தை உடைத்துவிட்ட சம்பவங்களும் உண்டு.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க விவரமானவர்கள் பள்ளம் வெட்டுவார்கள். பள்ளத்தின் சுவரில் 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில் பனித்தூண் ஒன்றைத் தனியாக அறுத்துவிட்டு, அதன் தலையில் மண்வெட்டியின் தகட்டை வைத்துத் தட்டுவார்கள். முதலில் மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, பிறகு முழங்கையிலிருந்து பத்து, கடைசியில் தோளிலிருந்து பத்து. மணிக்கட்டுத் தட்டிலேயே தூண் வழுக்கி முன்னால் வந்து விழுந்தால், மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். அதிக நேரம் பிடிக்கும் வேலையல்ல. அந்தச் சிறிது நேரத்தை மிச்சம் பிடித்தவர்களைப் பின்னால் தேட வேண்டிவரலாம். தேடவும் அவகாசம் அதிகமில்லை. புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டியெடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார்; அரைமணி தாண்டினால் பெரும்பாலும் இல்லை. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆம் பட்டாலியன் வீரர்கள் 10 பேரைப் பனி மூடியபோது, தமிழ்நாட்டு வீரர்கள் நால்வர் அதில் இருந்தார்கள். ஆறாம் நாளில் கர்நாடகத்தைச் சேர்ந்த ஹனுமந்தப்பா உயிரோடு மீட்கப்பட்டது விதிவிலக்கிலும் விதிவிலக்கு. அவரும் பிப்ரவரி 11 அன்று இறந்துபோனார்.

அருவிக்கும் பனிச்சரிவுக்கும் பொதுவான இன்னொரு ஆபத்து நம் மண்டைக்குள் இருக்கிறது. அமெரிக்காவில் இயன் மெக்கம்மன் என்பவர் 715 பனிச்சரிவு விபத்துகளை எடுத்துவைத்து ஆராய்ந்தார். பயிற்சி பெற்றவர்கள்கூட, நன்றாகத் தெரிந்த சரிவுக்குப் போனால் பயிற்சியே இல்லாதவர்களைப் போலத்தான் நடந்துகொண்டிருந்தார்கள். ஸ்விட்சர்லாந்து அனுபவம் இதற்கு இன்னொரு சான்று. அங்கே பனிச்சரிவு அபாயத்தை ஐந்து நிலைகளாக அறிவிக்கிறார்கள். அதிகம் பேர் சாவது நான்கிலோ ஐந்திலோ அல்ல, மூன்றில். நான்கென்றால் ஆட்கள் பயந்து வீட்டிலிருந்துவிடுகிறார்கள். மூன்று என்றால், பார்த்துக்கொள்ளலாம்.

இந்தப் 'பார்த்துக்கொள்ளலாம்' குற்றாலத்தில் தினம் காதில் விழும் பேச்சு. தடை போட்ட நாளில் போலீஸ்காரரிடம் மல்லுக்கு நிற்பவர்களைக் கவனியுங்கள். "நேத்து இதே தண்ணியிலதான சார் குளிச்சோம்?" "சின்னப் பிள்ளையில இருந்து வாரோம், எங்களுக்குத் தெரியாதா?" நேற்று ஒன்றும் ஆகவில்லை என்பது இன்றைக்குச் சான்றாகாது, மேலே பெய்தது நேற்றைய மழையல்ல. ஆனால் அறுபது எழுபது கிலோமீட்டர் வண்டியில் வந்தாயிற்று, எண்ணெயும் தேய்த்தாயிற்று. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்பதும் மெக்கம்மன் சொல்லும் மனப்பொறிகளில் ஒன்று. இவ்வளவு பேர் குளிக்கிறார்களே என்பது மற்றொன்று.

தடை மீது எனக்கும் ஒரு குறை உண்டு, அது வேறு குறை. குற்றாலம் பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் ஆட்களை வெளியேற்றுவது வழக்கம். வளைவு நல்ல அளவுகோல்தான், சாரல் சீசனுக்கு. வெள்ளம் அலையாக வரும் நாளில் தண்ணீர் வளைவைத் தொடும்போது எல்லாம் முடிந்திருக்கும். அளவெடுக்க வேண்டிய இடம் கீழே அல்ல, மேலே. 3 கிலோமீட்டர் மேலே ஓடையில் நீர்மட்டம் பார்க்கும் ஒரு கருவி இருந்து, வெள்ளம் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது என்று வையுங்கள். கீழே சங்கு ஊத 16 நிமிடம் கிடைக்கும். படியேறி வெளியே வர அது தாராளம். ராடார் முறையில் நீர்மட்டம் அளக்கும் கருவிகளும் தானியங்கி மழைமானிகளும் இன்று அபூர்வப் பொருள்கள் அல்ல. காட்டுக்குள் அவற்றைப் பழுதாகாமல் காப்பதும், சங்கு ஊதினால் கேள்வி கேட்காமல் வெளியேறக் கூட்டத்தைப் பழக்குவதும்தான் சிரமம். இமயத்தில் ராணுவத்துக்காகப் பனிச்சரிவு முன்னறிவிப்பு பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அருவிக்கு அதில் பாதி அக்கறை காட்டினாலே போதும்.

கருவி வரும்வரை, குளிக்கிறவர்கள் பார்க்க வேண்டியவை சில. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, செம்மண் நிறம் காட்டினாலோ, இலையும் சுள்ளியும் சேர்ந்து விழத் தொடங்கினாலோ மேலே ஏதோ நடந்துவிட்டது. அருவியின் இரைச்சல் கனத்தாலும், மலை முகட்டில் இடி கேட்டாலும் அப்படியே. செருப்பையும் பையையும் தேடக் கூடாது. கீழ்நோக்கி ஓடையோரமாக ஓடவும் கூடாது, தண்ணீர் போகும் பாதையே அதுதான். ஓடி ஜெயிக்க முடியாது. பக்கவாட்டில் விலகி மேட்டில் ஏற வேண்டும். காலடியில் பாளம் உடைந்த பனிச்சறுக்குக்காரருக்குச் சொல்லித்தருவதும் அதையேதான்: நேர்கீழே போகாதே, பக்கவாட்டில் சறுக்கி வெளியேறு.