நெஞ்சு படபடக்கிறதா? முதலில் நாடியை எண்ணுங்கள்!

ராத்திரி ஒரு மணிக்கு மும்முனை மின்சாரம் வந்தால்தான் மோட்டார் ஓடும். திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், மணிலாவுக்குத் தண்ணீர் கட்ட வாரத்தில் நான்கு இரவுகள் கண் விழிக்கிறார் 24 வயது இளைஞர் ஒருவர். தூக்கத்தை விரட்ட இரண்டு மூன்று டம்ளர் டீ, இடையிடையே உதட்டுக்குள் ஒதுக்கும் புகையிலை. போன மாசி மாதத்தில் ஒருநாள் வரப்பில் உட்கார்ந்திருந்தபோது நெஞ்சுக்குள் ஏதோ 'தடக்'கென்று உதைத்தது போல இருந்தது. அடுத்த நிமிடமே கை விரல்கள் மரத்து, உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. பக்கத்து ஊரில் 30 வயதுக்காரர் மாரடைப்பில் இறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. 'நமக்கும் அதுதான்' என்று முடிவே கட்டிவிட்டார்.

விடிந்ததும் அம்மா கையைப் பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனார். ஈ.சி.ஜி எடுத்துப் பார்த்த டாக்டர், "தம்பி, இதயம் நல்லாத்தான் இருக்கு. உனக்கு வேண்டியது தூக்கம். அந்தப் புகையிலையை இன்னையோட விடு" என்றார். "அப்புறம் ஏன் டாக்டர் அம்மா, நெஞ்சு அப்படி அடிச்சுக்குது?" என்று கேட்டார் தாய். இன்றைக்குப் பல வீடுகளில் கேட்கப்படும் கேள்வி இது.

இதயத்தை ஒரு மோட்டார் என்று வைத்துக்கொண்டால், அதன் ஸ்டார்ட்டர் வலது மேல் அறையில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் மின்துடிப்பு ஒரே பாதையில் கீழ் அறைகளுக்கு இறங்குகிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிப்பது இயல்பு. தூக்கமின்மை, டீ, காபி, எனர்ஜி பானம், புகையிலை, காய்ச்சல், பயம், உடம்பில் நீர் வற்றிப்போவது போன்றவற்றால் ஸ்டார்ட்டர் இல்லாத வேறொரு இடத்திலிருந்து இடையில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு கிளம்பும். அதன்பின் சின்ன இடைவெளி. அந்த நேரத்தில் இதயத்தில் கூடுதலாக ரத்தம் நிரம்புவதால் அடுத்த துடிப்பு பலமாக விழுகிறது. இளைஞர் உணர்ந்த 'தடக்' அதுதான். ஆரோக்கியமான பலருக்கும் இது வந்து போகும். சும்மா இருக்கும்போது தெரிந்து, வேலையில் இறங்கியதும் மறைந்துவிட்டால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை.

விரல் மரத்ததும் வியர்த்ததும் பயத்தின் வேலை. பயத்தில் வேகமாக மூச்சு வாங்கினால் விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் கூச்சம் எடுக்கும். இந்தப் பதற்றம் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கும். ஆனால், முதல் தடவை வரும்போது 'இது பயம்தான்' என்று வீட்டில் இருப்பவர்களே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. ஒரு ஈ.சி.ஜி எடுத்துப் பார்த்த பிறகுதான் அப்படிச் சொல்லலாம்.

நாடி பார்ப்பது எப்படி?

கட்டை விரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக வைக்க வேண்டும். கட்டை விரலால் பார்த்தால் அதன் சொந்தத் துடிப்பே குழப்பும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் நிமிடக் கணக்கு கிடைக்கும். துடிப்பு ஒழுங்கில்லாமல் தாவித் தாவி வந்தால் முழு நிமிடமும் எண்ண வேண்டும். படபடப்பு வரும் அந்த நேரத்திலேயே எண்ணி, தேதியோடு எழுதி வைத்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் படபடப்பு நின்றுவிடுவதும், ஈ.சி.ஜி 'நார்மல்' என்று வருவதும் வாடிக்கையாக நடப்பதுதான்.

எண்ணிக்கை 150-க்கு மேல், சிலருக்கு 200 வரைகூடப் போகும். சுவிட்ச் போட்டது போலத் திடீரென ஆரம்பித்து, சுவிட்ச் அணைத்தது போலவே நிற்கும். இதில் சிலருக்குப் பிறவியிலேயே இதயத்தில் கூடுதலாக ஒரு மின்பாதை இருக்கும். போன மின்சாரம் அந்தக் குறுக்கு வழியாகத் திரும்பி வந்து வட்டமடிக்கும். இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. 10 மி.லி சிரிஞ்சுக்குள் 15 விநாடி பலமாக ஊதச் சொல்லி, உடனே படுக்க வைத்து, இரண்டு கால்களையும் 15 விநாடி தூக்கிப் பிடிப்பார்கள். 2015-ல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வில், இந்த முறையில் நூற்றுக்கு 43 பேருக்குத் துடிப்பு இயல்புக்கு வந்தது. கால் தூக்காமல் ஊத மட்டும் செய்தவர்களில் 17 பேருக்குத்தான் பலன் கிடைத்தது. முதல் தடவை இதை டாக்டர் முன்னால்தான் செய்ய வேண்டும். அடிக்கடி வருபவர்களுக்கு, தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை அனுப்பி அந்தக் குறுக்குப் பாதையைச் சுட்டு அடைப்பார்கள். பெரும்பாலானோருக்கு அதோடு தொல்லை தீர்ந்துவிடும். மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் அதையும் கையோடு எடுத்துப் போய்க் கேட்பது நல்லது.

கிராமத்தில் மறந்துபோகும் மூன்று காரணங்கள்

முதலாவது ரத்தசோகை. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். களை எடுக்கும்போது மூச்சு வாங்குகிறது, தண்ணீர்க் குடம் தூக்கினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது ஹீமோகுளோபின். பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு. வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்கும்போது கொக்கிப்புழு பாதத்தின் வழியே உடம்புக்குள் நுழைந்து, குடலில் தங்கி ரத்தம் குடிக்கும். அதனால் இரும்புச்சத்து மாத்திரையோடு பூச்சி மாத்திரையும் தேவைப்படலாம். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்கினால் சத்து உடம்பில் சேராது. இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இதை யாரும் சொல்லாததால் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறாமல் சலித்துப் போன பெண்கள் ஏராளம். ரத்தம் சரியாக இருந்தும் படபடப்போடு எடை குறைந்து, கை நடுங்கினால் தைராய்டையும் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது, தொண்டை வலியில் தொடங்கும் கீல்வாதக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுக்குள் உள்ள பிள்ளைக்குத் தொண்டைப் புண் வந்து ஆறிய இரண்டு, மூன்று வாரத்தில் காய்ச்சல் வரும். முட்டி, கணுக்கால் என்று மூட்டுக்கு மூட்டு வலி மாறி மாறி வந்து, தானாகவே போய்விடும். 'வளரும் பிள்ளை, கால் வலிக்கத்தான் செய்யும்' என்று விட்டுவிடுவார்கள். உள்ளே இதய வால்வு தழும்பேறிச் சுருங்க ஆரம்பித்திருக்கும். பல ஆண்டுகள் கழித்து, பெண்களுக்கு முதல் பிரசவத்தின்போதுதான் மூச்சுத்திணறலாகவும் படபடப்பாகவும் அது வெளியே வரும். நேரத்தில் கண்டுபிடித்துவிட்டால், மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, ஆண்டுக்கணக்கில். அவ்வளவுதான் மருந்து. ஊசிக்குப் பயந்து பாதியில் நிறுத்துவதில்தான் ஆபத்து.

மூன்றாவது, பூச்சிமருந்து. மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ் போன்றவற்றை அடித்துவிட்டு வந்த சில மணி நேரத்தில் நெஞ்சு இறுக்கம், எச்சில் ஒழுகுதல், அதிக வியர்வை, பார்வை மங்கல், வயிற்றைப் புரட்டல் வந்தால் அது மருந்தின் நஞ்சு. உடுப்பைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, மருந்து பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். லேபிளைப் பார்த்தால்தான் டாக்டர் சரியான மாற்று மருந்தைத் தர முடியும்.

'வாயுப் பிடிப்பு' என்று சொல்லும் முன்…

ராத்திரி பத்து மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுத்தால் நெஞ்செரிச்சல் வருவது உண்மைதான். நெல் மூட்டை தூக்கிய மறுநாள் விலா எலும்பு சேரும் இடத்தில் விரலால் அழுத்தினால் 'சுரீர்' என்று வலிப்பதும் உண்மைதான். ஆனால், ஊரில் எல்லா நெஞ்சு வலிக்கும் வாயு என்று பெயர் வைத்து, சோடாவும் ஓமத் தண்ணீரும் கொடுத்து இரண்டு மணி நேரத்தைப் போக்கிவிடுகிறார்கள். பாறாங்கல்லை வைத்து அழுத்துவது போன்ற வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, வாந்தி இவற்றோடு வந்தால் வயது 25 ஆனாலும் 108-க்குப் போன் செய்ய வேண்டும். நோயாளியே பைக் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலுமே வைத்திருக்கிறார்கள். தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் அங்கே போகலாம்.

போலீஸ், ராணுவத் தேர்வுக்காக விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடும் பிள்ளைகள் இப்போது நிறைய. ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ, மயங்கி விழுந்தாலோ அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஈ.சி.ஜி, எக்கோ இரண்டும் எடுக்க வேண்டும். ஓடி முடித்து நின்ற பிறகு லேசாகத் தலை சுற்றுவது வேறு. ஓடிக்கொண்டிருக்கும்போதே சாய்வது வேறு. குடும்பத்தில் யாராவது 40 வயதுக்குள் திடீரென இறந்திருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதயத் தசை தடித்துப்போகும் நோய் பரம்பரையாக வரக்கூடியது.

கொரோனா தடுப்பூசிதான் காரணம் என்று டீக்கடையில் இன்னும் பேசுகிறார்கள். 18 முதல் 45 வயதுக்குள் திடீரென இறந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-ல் வெளியிட்ட ஆய்வு, தடுப்பூசியால் அந்த ஆபத்து கூடவில்லை என்றது. குடும்பத்தில் திடீர் மரணம், கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தது, இறப்புக்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவில்லாமல் குடித்தது அல்லது வழக்கத்துக்கு மீறிக் கடுமையாக உடலை வருத்தியது ஆகியவையே ஆபத்தைக் கூட்டியதாக அதில் தெரிந்தது.

அந்த மணிலாக் காட்டு இளைஞர் இப்போது அண்ணனோடு முறை வைத்துக்கொண்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில் மோட்டாருக்குப் போகிறார். புகையிலையை விட்டு மூன்று மாதம் ஆகிறது. சட்டைப்பையில் நாடிக் கணக்கு எழுதிய சின்ன நோட்டு இருக்கிறது. கடைசி வரியில் '74' என்று எழுதியிருக்கிறார்.