ஒரே வரியில் முடியும் வேலை

1986-ஆம் ஆண்டு. 'கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம்' என்ற அமெரிக்கக் கணினியியல் இதழில் ஜான் பென்ட்லி எழுதிவந்த பத்தியில் ஒரு கணக்கு வந்தது. ஒரு நீண்ட உரையைப் படித்து, அதில் எந்தெந்தச் சொற்கள் அதிகம் வருகின்றன, எத்தனை முறை வருகின்றன என்று பட்டியல் போட வேண்டும். பென்ட்லி கேட்டுக்கொண்டதால் அதற்கு நிரல் எழுதியவர் டொனால்ட் க்னூத், கணினி அறிவியலின் மேதைகளில் ஒருவர். விளக்கமும் நிரலுமாகப் பல பக்கங்கள் நீண்ட அந்தப் படைப்பை மதிப்பிடும் பொறுப்பு பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய்க்கு வந்தது. அவர் க்னூத்தின் கைத்திறனை மனமாரப் பாராட்டினார். பாராட்டிவிட்டு, அதே வேலையை யூனிக்ஸ் ஷெல்லில் ஆறே கட்டளைகளில் செய்துகாட்டினார்.

முதல் கட்டளை, உரையை வரிக்கு ஒரு சொல்லாகப் பிரிக்கும். இரண்டாவது, பெரிய எழுத்துகளைச் சிறிய எழுத்துகளாக்கும். மூன்றாவது, அகரவரிசைப்படுத்தும். நான்காவது, ஒரே சொல் எத்தனை முறை வந்தது என்று எண்ணும். ஐந்தாவது, அந்த எண்ணிக்கையை வைத்து மேலிருந்து கீழாக அடுக்கும். ஆறாவது, கேட்ட அளவு வரிகளைக் காட்டிவிட்டு நிறுத்தும். இந்த ஆறில் எதுவுமே சொற்களை எண்ணுவதற்கென்று எழுதப்பட்டதல்ல. எல்லாம் ஏற்கெனவே இருந்த பொதுக் கருவிகள். அவற்றை இணைத்ததுதான் அவர் செய்த வேலை.

கணினியில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்கும் இடம் டெர்மினல். தட்டியதைப் படித்து, புரிந்துகொண்டு, உரிய நிரலை ஓடவிடுவது ஷெல். யூனிக்ஸ் பிறந்தது 1969-இல், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள பெல் ஆய்வகத்தில். கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் அதன் தந்தையர். அந்தக் காலத்தில் அவர்கள் தட்டிய டெலிடைப் இயந்திரத்தின் விசைகளை அழுத்தவே பலம் வேண்டும். நொடிக்குப் பத்து எழுத்துதான் அச்சாகும். கட்டளைப் பெயர்கள் இன்றும் இரண்டு மூன்று எழுத்தில் நிற்பது அந்த நாட்களின் மிச்சம்.

இணைப்பு வேலையைச் செய்வது 'பைப்' எனப்படும் நெடுங்கோடு: |. தோட்டத்து ரப்பர் குழாயில் இன்னொரு துண்டைத் திருகி நீட்டுவதுபோல நிரல்களையும் மாட்ட முடிய வேண்டும் என்று மெக்கில்ராய் 1964-லேயே குறிப்பு எழுதியிருந்தார். 1973-இல் தாம்சன் அதை யூனிக்ஸில் சேர்த்தார். ஒரு நிரலின் வெளியீடு நேராக அடுத்த நிரலின் உள்ளீடாகும் வசதி அன்று வந்தது. இன்றுவரை ஷெல்லின் உயிர் அதில்தான் இருக்கிறது.

இது நிரல் எழுதுபவர்களுக்கு மட்டும் உரிய வித்தை என்று பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஒதுங்க வேண்டியதே இல்லை. ஓர் ஊர்ப்புற நூலகத்தின் உறுப்பினர் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். பெயர், ஊர், செல்பேசி எண் என்று காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட சிஎஸ்வி ஃபைல். சில ஆயிரம் வரிகள். எந்த ஊரிலிருந்து அதிகம் பேர் சேர்ந்திருக்கிறார்கள்? இப்படித் தட்டினால் போதும். (இங்கே தமிழில் இருப்பதை டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும்.)

கட் -டி, -எஃப்2 உறுப்பினர்.சிஎஸ்வி | சார்ட் | யூனிக் -சி | சார்ட் -ஆர்என் | ஹெட் -5

'கட்' காற்புள்ளியை எல்லையாகக் கொண்டு இரண்டாவது பகுதியை, அதாவது ஊர்ப் பெயரை மட்டும் வெட்டித் தரும். 'சார்ட்' அவற்றை அடுக்கும். 'யூனிக் -சி' ஒரே மாதிரி வரிகளை ஒன்றாக்கி, முன்னால் எண்ணிக்கை போடும். அடுத்த 'சார்ட்' எண்ணிக்கை அதிகமான ஊரை மேலே கொண்டுவரும். 'ஹெட்' முதல் ஐந்தை மட்டும் காட்டும்.

புதிதாகக் கற்பவர்கள் தடுக்கி விழும் இடம் நடுவில் இருக்கிறது. 'யூனிக்' பக்கத்துப் பக்கத்து வரிகளை மட்டுமே ஒப்பிடும். கும்பகோணம், பாபநாசம், கும்பகோணம் என்று கலந்து கிடந்தால் கும்பகோணத்தை இரண்டு தனி ஊராகக் கணக்கிட்டுவிடும். அதனால்தான் அதற்கு முன்னால் ஒரு 'சார்ட்' கட்டாயம். அதேபோல, தட்டச்சு செய்தவர் ஓர் ஊர்ப் பெயருக்குப் பின்னால் கூடுதலாக ஓர் இடைவெளி விட்டிருந்தால் அதுவும் வேறு ஊர்தான். ஒரு கட்டத்துக்குள்ளேயே காற்புள்ளி இருந்தால் 'கட்' ஏமாந்துவிடும். முதல் கட்டளையை மட்டும் ஓட்டிப் பார்ப்பது, சரியாக வந்தால் அடுத்ததை மாட்டுவது என்று ஒவ்வொரு கண்ணியாக நீட்டினால் தவறு எங்கே நுழைந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

தேடுவதற்கு 'கிரெப்'. பெல் ஆய்வகத்தில் லீ மக்மான் என்பவர், ஆசிரியர் யார் என்ற சர்ச்சை இருந்த 'ஃபெடரலிஸ்ட் பேப்பர்ஸ்' கட்டுரைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். உரை பெரியது; அன்றைய எடிட்டருக்குள் அடங்கவில்லை. எடிட்டரில் இருந்த தேடும் பகுதியைத் தனியே பிரித்துக் 'கிரெப்' ஆக்கிக் கொடுத்தார் தாம்சன். இன்று ஒரு ஃபோல்டருக்குள் நூறு உரைக் கோப்புகள் கிடந்தாலும் 'கிரெப் -ஆர்என் "மின்கட்டணம்" .' என்று தட்டினால், அந்தச் சொல் எந்த ஃபைலில் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று வந்துவிடும். தமிழ்ச் சொல்லையே தேடலாம்.

ஃபைலின் பெயரோ நாளோதான் நினைவிருக்கிறது என்றால் 'ஃபைண்ட்' கைகொடுக்கும். 'ஃபைண்ட் . -நேம் "*.பிடிஎஃப்" -எம்டைம் -7' என்றால், கடந்த ஏழு நாட்களில் மாறிய பிடிஎஃப்கள் எல்லாம் வரிசையாக வரும். மேற்கோள் குறியை விட்டுவிடக் கூடாது. விட்டால் நட்சத்திரக் குறியை ஷெல் தானே விரித்துக்கொண்டு, 'ஃபைண்ட்' பார்க்க வேண்டியதை மாற்றிவிடும். டிஸ்க் நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வரும்போது 'டியூ -எஸ்எச் * | சார்ட் -எச்' என்று ஒரு வரி தட்டினால், அதிக இடத்தை அடைத்திருக்கும் ஃபோல்டர் பட்டியலின் கடைசியில் வந்து நிற்கும்.

கட்டளைகளைவிட அதிக நேரத்தை மிச்சப்படுத்துவது விசைகள். ஃபைல் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதியை ஷெல்லே நிரப்பும். எழுத்துப்பிழைக்கு இடமே இல்லை. கன்ட்ரோல் ஆர் அழுத்தி ஒரு துண்டுச் சொல்லைத் தட்டினால், போன வாரம் தட்டிய நீண்ட கட்டளை திரும்பி வரும். கன்ட்ரோல் ஏ வரியின் தொடக்கத்துக்கும், கன்ட்ரோல் இ முடிவுக்கும் கொண்டுபோகும். 'சிடி -' என்றால் கடைசியாக இருந்த ஃபோல்டருக்குத் திரும்பலாம். ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்த கன்ட்ரோல் சி. சேமிக்கும் பழக்கத்தில் கன்ட்ரோல் எஸ் அழுத்திவிட்டு, டெர்மினல் உறைந்துபோனது என்று ஜன்னலையே மூடிவிடுபவர்கள் உண்டு. அது உறையவில்லை, திரைக்கு வரும் ஓட்டத்தை நிறுத்திவைத்திருக்கிறது. கன்ட்ரோல் க்யூ அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இத்தனை வசதி தரும் ஷெல், கேள்வி கேட்காமல் சொன்னதைச் செய்யும் என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். 'ஆர்எம்' அழித்த ஃபைல் குப்பைத்தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான். '*.டிஎம்பி' என்று தட்ட வேண்டிய இடத்தில் நட்சத்திரத்துக்குப் பின் ஓர் இடைவெளி விழுந்துவிட்டால், அந்த ஃபோல்டரில் உள்ள அத்தனை ஃபைல்களும் அழிக்கும் பட்டியலில் சேர்ந்துவிடும். இதற்கு எளிய காப்பு, முன்னால் 'எக்கோ' சேர்த்து 'எக்கோ ஆர்எம் *.டிஎம்பி' என்று முதலில் ஓட்டுவது. எதெது அழியப்போகிறது என்று திரையில் தெரியும், எதுவும் அழியாது. சரிபார்த்தபின் 'எக்கோ'வை எடுத்துவிடலாம். 'ஆர்எம் -ஐ' என்றால் ஒவ்வொன்றுக்கும் அனுமதி கேட்கும்.

இன்னொரு பொறி, வெளியீட்டை ஃபைலில் எழுதும் > குறி. ஏற்கெனவே அந்தப் பெயரில் ஃபைல் இருந்தால் அது பழையதைத் துடைத்துவிட்டுத்தான் எழுதும். கடைசியில் சேர்க்க வேண்டுமென்றால் >> என்று இரண்டு குறி போட வேண்டும். 'சார்ட் பட்டியல் > பட்டியல்' என்று தட்டியவர்களுக்கு வெறும் ஃபைல்தான் மிஞ்சும். காரணம், 'சார்ட்' படிக்கத் தொடங்கும் முன்பே ஷெல் அந்த ஃபைலைக் காலி செய்து எழுதத் தயாராக வைத்துவிடுகிறது. அதே ஃபைலில் திரும்ப எழுத 'சார்ட் -ஓ பட்டியல் பட்டியல்' என்பதே சரியான வழி.

தமிழ் ஃபைல்களோடு புழங்குபவர்கள் கூடுதலாகச் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று தமிழ் உரை சேமிக்கப்படும் யூடிஎஃப்-8 முறையை 1992-இல் வடிவமைத்தவர்கள் இதே கென் தாம்சனும் ராப் பைக்கும். நியூ ஜெர்சி உணவகம் ஒன்றில் உட்கார்ந்து அவர்கள் அதைத் திட்டமிட்டார்கள். அந்த முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும். 'தமிழ்' என்ற சொல்லை எண்ணும் கருவியான 'டபிள்யூசி'யிடம் கொடுத்தால், '-சி' விருப்பத்துக்கு 15 என்று சொல்லும். '-எம்' என்றால் 5. இகரக் குறியையும் புள்ளியையும் அது தனியாக எண்ணுகிறது. நாம் எண்ணினால் மூன்றே எழுத்து. ஆகவே 'இத்தனை எழுத்துக்குள்' என்று கேட்கும் விண்ணப்பத்துக்கு இந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது.

அகரவரிசையிலும் கவனம் வேண்டும். யூனிகோடு எண் வரிசையில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்தே வருகிறது. 'ள' என்பது 'ழ'வுக்கு முன்னால் வருகிறது. அந்த எண்களை வைத்து மட்டும் அடுக்கிய பட்டியல் நம் அகராதி வரிசையில் அமையாது. மெக்கில்ராயின் ஆறு கட்டளைகளில் முதல் இரண்டுக்கும் பயன்பட்ட 'டிஆர்' கருவியும், லினக்ஸில் வழக்கமாகக் கிடைக்கும் வடிவில், எழுத்தைப் பார்க்காமல் பைட்டையே பார்க்கிறது. ஆங்கில எழுத்துகளை மாற்றச் சிறந்த கருவி அது. தமிழ் எழுத்துகளை மாற்றக் கொடுத்தால் உரை சிதையும். அதற்கு 'செட்' என்ற உரை மாற்றும் கருவி பொருத்தமானது.

இதெல்லாம் செய்ய புதுக் கணினி வேண்டாம். 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய 'பாஷ்' ஷெல், உபுண்டு உள்ளிட்ட பெரும்பாலான லினக்ஸ்களில் இருக்கிறது. ஆப்பிள் மேக்கில் 2019 முதல் 'இசட்ஷெல்' இயல்பாக வருகிறது. மேலே சொன்ன விசைகளும் கட்டளைகளும் அதிலும் ஓடும். விண்டோஸில் 2016-இலிருந்து லினக்ஸ் துணை அமைப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு செல்பேசிக்கு 'டெர்மக்ஸ்' என்ற இலவசச் செயலி உண்டு.

தொடங்குபவர்கள் 'எல்எஸ்', 'சிடி', 'லெஸ்', 'கிரெப்', 'டபிள்யூசி', 'ஹெட்' ஆகிய ஆறோடு முதல் வாரத்தைக் கழிக்கலாம். இவை பார்க்க மட்டுமே செய்யும், எதையும் அழிக்காது. எந்தக் கட்டளையிலும் ஐயம் வந்தால் அதன் பெயருக்கு முன்னால் 'மேன்' என்று சேர்த்துத் தட்டினால் கையேடு திறக்கும், இணையம் தேவையில்லை. கையேட்டுக்குள் சாய்கோடு தட்டி ஒரு சொல்லைக் கொடுத்தால் அந்த இடத்துக்குப் போகலாம், க்யூ அழுத்தினால் வெளியே வரலாம். 'சார்ட்' கையேட்டில் '-எச்', '-ஆர்', '-என்' ஆகிய மூன்றையும் தேடிப் படித்துவிட்டு, தங்கள் கணினியில் உள்ள ஏதாவது ஒரு பட்டியலின் நகலை வைத்து ஓட்டிப் பார்த்தால், மேலே வந்த நூலகக் கட்டளையைத் தங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள அதுவே போதும்.